பழைய கட்டடத்துக்குப் புது வலு: எந்திரமும் உதிரிபாகமும் மாதத் தவணையும்

நம் பெருநகரங்களில் கட்டுமானத் தொழில் என்றால், வெற்று மனையில் எழும் புதுக் கட்டடமே பலர் நினைவுக்கு வரும். அதன் அருகிலேயே இன்னொரு வேலையும் வளர்ந்து வருகிறது. நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய அடுக்குமாடியை இடிக்காமல், அதன் தூண்களுக்கும் உத்திரங்களுக்கும் அடித்தளத்துக்கும் வலுவூட்டி மேலும் சில பத்தாண்டுகளுக்கு நிலைநிறுத்தும் வேலை அது. பொறியாளர்கள் இதனை 'ரெட்ரோஃபிட்டிங்' என்பர். இக்கட்டுரையில் நாம் அதனை வலுவூட்டல் என்றே குறிப்போம்.

இவ்வேலைக்கென்று சிறு எந்திரங்கள் வாங்கக் கடன் கேட்டு வரும் ஒப்பந்தக்காரர்களும், தங்கள் குடியிருப்பை வலுவூட்ட நிதி தேடும் வீட்டுவசதிச் சங்கத்தாரும் நம் வாசகர்களில் உண்டு. இரு தரப்பாரும் கணக்கில் ஒரே இடத்தைத் தவறவிடுகின்றனர். எந்திரத்தின் விலை தெரிகிறது, வாடகை தெரிகிறது, டீசல் செலவும் தெரிகிறது. அவ்வெந்திரம் மாதந்தோறும் தின்று தீர்க்கும் உதிரிபாகங்கள் மட்டும் கணக்குக்குள் வருவதில்லை. வலுவூட்டல் பணியில் கடனை அடைக்க முடியுமா முடியாதா என்பதைப் பெரும்பாலும் அந்தச் சிறு பாகங்களே தீர்மானிக்கின்றன.

ஏன் இப்போது?

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கச்சுப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கம் இத்துறைக்கு ஒரு திருப்புமுனை. நடுக்கத்தின் மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் பல சரிந்தன. அவற்றுள் பல, கீழ்த்தளத்தை வண்டி நிறுத்துவதற்காகச் சுவரின்றி வெறும் தூண்களாக விட்டுக் கட்டப்பட்டவை. மேல்தளங்கள் செங்கற்சுவர்களால் விறைப்பாக நின்றமையால், அசைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களின்மேல் இறங்கிற்று. இதே அமைப்பில் தில்லி, மும்பை, சென்னை எங்கும் குடியிருப்புகள் நிற்கின்றன.

அதற்கு அடுத்த ஆண்டு, நிலநடுக்க வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 தரநிலை திருத்தப்பட்டது. அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை, அத்திருத்தத்தில் மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. பழைய கான்கிரீட் கட்டடங்களை ஆராய்ந்து வலுவூட்டுவதற்கென்றே ஐ.எஸ். 15988 என்னும் தரநிலை 2013இல் வந்தது. தில்லியில் லட்லோ காசில் பள்ளி போன்ற பொதுக் கட்டடங்கள் முன்மாதிரியாக வலுவூட்டப்பட்டன.

மும்பையில் காரணம் சற்று வேறு. அங்கே கடற்காற்றின் உப்பும் பருவமழையும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில் கான்கிரீட் பிளந்து தகடு தகடாக உதிர்கிறது. முப்பது ஆண்டுகளைக் கடந்த கட்டடங்கள் கட்டமைப்பு ஆய்வு செய்து சான்று பெற வேண்டும் என்பது மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் விதி. அந்த ஆய்வறிக்கை கைக்கு வந்த பின்னரே பல சங்கங்கள் ஒப்பந்தக்காரரைத் தேடத் தொடங்குகின்றன.

சிறிய எந்திரம், பெரிய தேய்மானம்

மண் தோண்டும் எந்திரம் எதுவாயினும் அதனை 'ஜே.சி.பி.' என்றே அழைப்பது நம் வழக்கம். அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்பது எவருக்கும் நினைவில்லை. ஆயினும் பழைய குடியிருப்பின் தூண்தளத்துக்குள் அந்தப் பெரிய மஞ்சள் வண்டி நுழைவது அரிது. தலைக்கு மேல் உத்திரம், இரு புறமும் தூண்கள், தரைக்கடியில் கழிவுநீர்க் குழாய், மேலே குடியிருக்கும் குடும்பங்கள். அங்கே ஒன்றரை டன்னிலிருந்து மூன்றரை டன் வரையிலான சிறு எக்ஸ்கவேட்டரே வேலை செய்ய இயலும்.

எந்திரம் சிறியதாகையால் தேய்மானமும் சிறிதாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. நடப்பது நேர்மாறு. புதுக் கட்டடத்தில் எந்திரம் பெரும்பாலும் மண்ணை அள்ளுகிறது. கை நீட்டவும் திரும்பவும் இடம் உண்டு. வலுவூட்டலில் அது பக்கெட்டைக் கழற்றிவிட்டு முனையில் பிரேக்கரைப் பூட்டி, அடித்தளத்தை வெளிக்கொணர்வதற்காகத் தரைக் கான்கிரீட்டை உடைக்கிறது. ஒரே இடத்தில் நின்று, ஒரு சாண் முன்னும் ஒரு சாண் பின்னுமாக அசைகிறது. உடைந்த கான்கிரீட்டின் தூசு வெளியேற வழியில்லாத தளத்துக்குள் அதே தூசை மீண்டும் மீண்டும் உள்ளிழுக்கிறது. எந்திரத்தின் மணிமானி இரண்டு பணிகளிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பாகங்களின் ஆயுளோ அந்த எண்ணைப் பொருட்படுத்துவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நிலைத்திருக்க வேண்டிய தூணின்மேல் எந்திரப் பிரேக்கரை வைக்கலாகாது. அதன் அதிர்வு நல்ல கான்கிரீட்டையும் உள்ளே பிளந்துவிடும். தூணைச் சுற்றிப் புதிய கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடும் 'ஜாக்கெட்டிங்' முறையில், அவ்வுறை குறைந்தது 100 மில்லிமீட்டர் தடிப்பு இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 15988. அதற்குப் பழைய பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கும் வேலையைக் கைக்கருவியால் மட்டுமே செய்ய வேண்டும். பிரேக்கர் பூட்டிய எக்ஸ்கவேட்டரைத் தூணின்மேலேயே சாய்த்து விரைவாக முடித்துத் தருகிறேன் என்பவரிடம் சங்கத்தார் விலகி நிற்பதே நலம்.

உளியும் அதன் சுற்றமும்

பிரேக்கரின் உயிர் அதன் உளி. உளி வழுவாமல் செல்ல உள்ளே புஷ் இருக்கிறது. உளிக்கும் புஷ்ஷுக்கும் இடையே கிரீஸ் இல்லையெனில் இரண்டும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளும். உளி தேய்ந்தால் மாற்றிவிடலாம், செலவு தாங்கும். புஷ் தேய்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் உளி சாய்வாக அடிபட்டு உள்ளிருக்கும் பிஸ்டனைச் சிதைக்கும். அப்போது செலவு பிரேக்கரின் விலையில் கணிசமான பங்கை எட்டிவிடும். இதற்கென்று உயர்வெப்பம் தாங்கும் தனிக் கிரீஸ் உண்டு. வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கிரீஸைப் பூசினால் அது உருகி வழிந்து தூசைச் சேர்த்துக்கொள்ளும்.

ஒரே புள்ளியில் 15 முதல் 30 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்கக் கூடாது என்று பெரும்பாலான தயாரிப்பாளர் கையேடுகள் அறிவுறுத்துகின்றன. அதற்குள் கான்கிரீட் விரியவில்லையெனில் இடத்தை மாற்றி விளிம்பிலிருந்து அடிக்க வேண்டும். கம்பி நெருக்கமாக உள்ள பழைய அடித்தளங்களில் இயக்குநர் பொறுமையிழந்து ஒரே குழியில் நிமிடக்கணக்கில் அடிப்பது வழக்கம். உளியின் முனை சிவந்து, பதம் இழந்து, காளான்போல் மலர்வது அங்கேதான். கான்கிரீட் உடைந்தபின்னும் நிறுத்தாமல் காற்றில் அடிப்பது அதனினும் கேடு. தடுக்க எதிர்ப்பொருள் இல்லாதபோது அடியின் முழு வேகத்தையும் பிரேக்கரின் பின்களும் போல்ட்டுகளுமே ஏற்கின்றன.

பிரேக்கர்கள் பலவற்றில் நைட்ரஜன் வாயு அடைத்த அறை ஒன்று உண்டு. வாயு குறைந்தால் அடி வலுவிழக்கும். அதில் நைட்ரஜன் தவிர வேறெதையும் நிரப்பலாகாது. வெல்டிங் பட்டறையில் எளிதாகக் கிடைக்கிறது என்று ஆக்சிஜனை ஏற்றினால், எண்ணெயுடன் சேர்ந்து அது வெடிக்கும். பணத்தைப் பற்றிய கட்டுரையாயினும் இதை எழுதாமல் கடக்க இயலவில்லை.

எண்ணெய், குழாய், காற்று

பிரேக்கர் வேலை ஹைட்ராலிக் எண்ணெயை விரைவில் கெடுக்கிறது. உளியின் வழியாகத் தூசு உள்ளேறும், இடைவிடாத அதிர்ச்சியால் வெப்பம் கூடும். எண்ணெயின் வெப்பம் 80 டிகிரி செல்சியசைக் கடந்து நிலைத்தால், சிலிண்டரின் ரப்பர் சீல்கள் விறைத்து வெடிக்கத் தொடங்கும். ஆகவே எந்திரக் கையேட்டில் எண்ணெய்க்கும் ஃபில்டருக்கும் இருவகைக் காலவரையறைகள் தரப்பட்டிருக்கும். ஒன்று சாதாரண வேலைக்கு, மற்றொன்று பிரேக்கர் வேலைக்கு. இரண்டாவது, முதலாவதில் ஒரு சிறு பங்கே இருக்கும். கடன் விண்ணப்பத்துடன் வரும் செலவு மதிப்பீடுகளில் முதல் வரையறையே பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது.

அழுத்தக் குழாய்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. இடிபாட்டில் நீட்டி நிற்கும் கம்பிமுனை உரசியே குழாய்கள் பெரிதும் கிழிகின்றன. தரமான குழாயின் பக்கத்தில் அது தயாரான காலாண்டும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். கடையில் பல ஆண்டு கிடந்த குழாய், புதிதாகவே தோன்றினாலும் உள்ளே இறுகிப்போயிருக்கும். கசிவு உள்ளதா என்று கையால் தடவிப் பார்க்கலாகாது. ஊசித்துளை வழியே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். அத்தகைய காயத்துக்கு உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை.

எஞ்சினின் காற்று வடிகட்டி இரண்டு அடுக்காக இருக்கும். வெளியடுக்கைக் கையேடு சொல்லும் அளவுக்கு உட்பட்டுத் தூய்மைசெய்யலாம். உள்ளடுக்கைத் தூய்மைசெய்து மீண்டும் போடுவது சிக்கனமன்று. அழுத்தக் காற்று அடித்தால் அதன் தாள் கண்ணுக்குத் தெரியாமல் கிழிந்து, கான்கிரீட் தூசு நேராக எஞ்சினுக்குள் செல்லும். சில நூறு ரூபாய் மிச்சப்படுத்தப் போய் எஞ்சினையே பிரிக்கும் நிலை நேரும்.

முற்றத்தில் இடிபாட்டை அள்ளிப் போடும் சக்கர எந்திரங்களுக்கு இன்னொரு சிக்கல் புதிதாகச் சேர்ந்துள்ளது. சக்கரமுள்ள கட்டுமான எந்திரங்களுக்கு 2025 ஜனவரி முதல் ஐந்தாம் கட்டப் புகை விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. புதிய எந்திரங்கள் பலவற்றில் டீசல் துகள் வடிகட்டி பொருத்தப்பட்டு வருகிறது. அவ்வடிகட்டி தான் பிடித்த கரியைத் தானே எரித்துக்கொள்ளப் புகைவழி போதிய சூடு பெற வேண்டும். அதற்கு எந்திரம் நல்ல பளுவுடன் ஓட வேண்டும். குடியிருப்பு முற்றத்தில் அது பாதி நேரம் வெறுமனே உறுமிக்கொண்டு லாரிக்காகக் காத்து நிற்கிறது. கரி எரியாமல் அடைகிறது, பின்னர் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, எஞ்சின் தன் வலுவைத் தானே குறைத்துக்கொள்கிறது. காத்திருக்கும் நேரத்தில் எஞ்சினை அணைத்துவைத்தாலே இச்சிக்கலின் பெரும்பகுதி நீங்கும். புது எந்திரத்தின் விலைப்பட்டியலைப் பார்க்கும்போதே அவ்வடிகட்டியின் மாற்றுவிலையையும் கேட்டு எழுதி வாங்குவது நன்று.

ரப்பர்த் தொடர்ச்சக்கரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரும்புத் தொடர் தளத்தைச் சிதைக்கும் என்பதால் ரப்பரைத் தேர்கிறோம். அந்த ரப்பரை நின்ற இடத்திலேயே சுழற்றித் திருப்புவதும், வெட்டிய கம்பிகளின்மேல் ஓட்டுவதும் அறுத்துவிடுகின்றன. தினமும் மாலையில் சக்கரப் பல்லிடுக்கில் சிக்கிய கல்லைத் தட்டி எடுத்தால் ஆயுள் நீளும்.

வைரப் பற்கள்

அதிர்வில்லாமல் வெட்ட வேண்டிய இடங்களில் வைரத்துகள் பதித்த வட்டவாளும், கம்பிவாளும், துளையிடும் குழலும் பயன்படுகின்றன. புதிய கம்பியைப் பழைய கான்கிரீட்டில் நங்கூரமிடத் துளைகள் வேண்டும். சுவரில் புதிய திறப்பு வேண்டும். இவற்றின் பற்களைத் தேர்வதில் ஒரு விந்தை உண்டு. கடினமான ஜல்லி போட்ட கான்கிரீட்டுக்கு மென்மையான பிணைப்புள்ள பல்லும், மணல் மிகுந்து அரிக்கும் தன்மையுள்ள கான்கிரீட்டுக்குக் கடினமான பிணைப்புள்ள பல்லும் வேண்டும். வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் சற்றே தேய்ந்தால்தான் அடியிலுள்ள புது வைரம் வெளிவரும். கடினக் கல்லில் கடினப் பல்லைப் போட்டால் உலோகம் தேயாமல் முகம் வழுவழுப்பாகிவிடும். வாள் சுற்றும், வெட்டாது. பல் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. அரிக்கும் தன்மையுள்ள கல்லிலோ செங்கல்லிலோ சில முறை ஓட்டினால் புது முகம் திறந்துகொள்ளும்.

நாற்பது ஆண்டுப் பழைய கட்டடத்தில் எந்த ஜல்லி போட்டார்கள், கம்பி எங்கே ஓடுகிறது என்பதை வரைபடம் சொல்லாது. பல சங்கங்களிடம் வரைபடமே இராது. கம்பியைக் கண்டறியும் கருவியை முதலில் ஓட்டி, ஓரிடத்தில் சோதனைத் துளையிட்டுப் பார்த்தபின் பற்களை வாங்கினால் விரயம் குறையும். பழைய குடியிருப்பின் மின்னிணைப்பும் இத்தகைய மோட்டார்களைத் தாங்கும் அளவு பெற்றிருப்பதில்லை. தாழ்மின்னழுத்தத்தில் ஓடும் மோட்டார் சூடேறிச் சுருள் கருகும். ஜெனரேட்டர் வாடகையும் மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும்.

தவணையோடு ஒட்டிப் பார்த்தல்

இனி பணக் கணக்குக்கு வருவோம். விளக்கத்துக்காக மட்டும் ஓர் எடுத்துக்காட்டு. இதிலுள்ள தொகைகளும் வட்டியும் நாம் புனைந்தவை. நம் வங்கியின் நடப்பு விகிதங்கள் அல்ல. ஒருவர் எந்திரத்துக்காக ₹20 லட்சம் கடனை, ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில், 48 மாதத் தவணையில் பெறுகிறார் எனக் கொள்வோம். மாதத் தவணை சுமார் ₹50,725. மாதத்தில் 25 நாள், நாளுக்கு 6 மணி நேரம் எந்திரம் ஓடினால் 150 மணி. மணிக்குத் தவணைச் சுமை ₹338. ஒரு சீல் தொகுப்பு கிடைக்காமல் 6 நாள் நின்றுவிட்டால் 114 மணியே கிடைக்கும். சுமை மணிக்கு ₹445 ஆகிறது. உதிரிபாகத்துக்கான செலவு இன்னும் இதில் சேரவில்லை.

தேயும் பாகங்களுக்கும் இதே முறையில் மணிக்கணக்கு போடலாம். பாகத்தின் விலையுடன் பொருத்தும் கூலியைச் சேர்த்து, அது தாங்கும் மணிகளால் வகுக்க வேண்டும். ஓர் உளிக்கு ₹12,000 ஆகி அது 300 மணி தாங்கினால் மணிக்கு ₹40. கம்பி நெருங்கிய அடித்தளத்தில் அதே உளி 150 மணியே தாங்கினால் ₹80. உளி, புஷ், ஃபில்டர், எண்ணெய், குழாய், தொடர்ச்சக்கரம், வைரப் பல் என்று ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு எழுதிக் கூட்டினால் வரும் தொகை, வாடகை விகிதத்தை நிர்ணயிப்பதில் தவணைக்குச் சமமான இடத்தைப் பெறத் தக்கது. இக்கணக்கு ஒப்பந்தக்காரரின் கையேட்டில் இராவிட்டால், வேலை கிடைக்க வேண்டும் என்ற அவசரத்தில் அவர் கேட்கும் குறைந்த விகிதம் நான்காம் மாதத்தில் அவரையே திருப்பித் தாக்கும்.

ஓடும் மணிகளும் அவர் கையில் முழுமையாக இல்லை. ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பவை வரம்புகள். பிரேக்கரின் ஓசை இவற்றைவிட வெகுதூரம் மேலே. நடைமுறையில் சங்கங்கள் பகலிலும் சில மணி நேரமே அனுமதிக்கின்றன. தேர்வுக் காலத்தில் அதையும் குறைக்கின்றன. தில்லி வட்டாரத்தில் குளிர்காலக் காற்று மாசு மிகும்போது கட்டுமானமும் இடிப்பும் நிறுத்தப்படும் நாட்கள் உண்டு. மும்பையில் மழை நான்கு மாதங்கள் வெளிப்புற வேலையைச் சுருக்கிவிடும். எந்திரம் ஓய்ந்திருக்கும் அந்த நாட்களைப் பெரும் பழுதுபார்ப்புக்கு ஒதுக்குவோர் பிழைக்கிறார்கள். ஓடக்கூடிய நாளில் பாகம் தேடி அலைபவருக்கு அந்த நாள் மீண்டும் வாய்ப்பதில்லை.

பாதியில் நின்ற தூண்

எந்திரம் நிற்பது அதன் உரிமையாளருக்கு மட்டும் இழப்பன்று. அடித்தளத்தைச் சுற்றித் தோண்டி, தூணின் வெளிப்புறக் கான்கிரீட்டை உரித்து, முட்டுகள் கொடுத்து நிற்கும் நிலையில் வேலை பத்து நாள் தடைப்பட்டால், மேலே வாழும் குடும்பங்கள் அந்தப் பத்து நாளும் வலுக்குன்றிய கட்டடத்தில் உறங்குகின்றன. திறந்த குழியில் மழைநீர் புகுந்தால் அடிமண் இளகும். வெளிப்பட்ட கம்பியில் புதிய துரு ஏறும். ஒரே நேரத்தில் எத்தனைத் தூண்களைத் திறக்கலாம், எந்த வரிசையில் திறக்கலாம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் தர வேண்டும். திறந்த தூணை மூடி முடிக்கும்வரை தேவையான பாகங்களும் மாற்று எந்திரமும் வளாகத்தில் இருந்தாலன்றி அடுத்த தூணைத் திறக்கலாகாது என்னும் விதியை ஒப்பந்தத்தில் சேர்க்குமாறு சங்கத்தாருக்கு நாம் பரிந்துரைக்கிறோம். முட்டுகளும் எந்திரத்தைச் சாராமல் தனித்து நிற்கும்படி அமைய வேண்டும்.

இத்தகைய ஒப்பந்தத்துக்கு விலை சற்றுக் கூடும். அக்கூடுதலைத் தாங்கும் நிதி முன்கூட்டியே சேர்ந்திருப்பது நல்லது. மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள், ஒவ்வொரு வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 விழுக்காட்டை மூழ்குநிதிக்கும், 0.75 விழுக்காட்டைப் பழுது மற்றும் பராமரிப்பு நிதிக்கும் ஒதுக்கச் சொல்கின்றன. கட்டுமானச் செலவு என்பது கட்டிய காலத்துச் செலவு. எனவே பழைய சங்கங்களில் இத்தொகை இன்றைய தேவைக்கு மிகச் சிறியதாக நிற்கும். குறைந்தபட்சத்தோடு நின்றுவிட்ட சங்கங்களே பின்னர் ஒரே நாளில் பெருந்தொகை கேட்டு உறுப்பினர்களிடம் மல்லுக்கு நிற்கின்றன.

போலிப் பாகங்கள்

பெருநகர உதிரிபாகச் சந்தைகளில் அசல், மாற்றுத் தயாரிப்பு, போலி என மூன்றும் அருகருகே கிடைக்கும். மாற்றுத் தயாரிப்பு அனைத்தும் தாழ்ந்ததன்று. தன் பெயரைத் தானே அச்சிட்டு உத்தரவாதம் தரும் நல்ல தயாரிப்பாளர்கள் பலர் உள்ளனர். பிறர் பெயரைத் தாங்கி வருவதே போலி. ஃபில்டரிலும் சீலிலும் அது மிகுதி. இரண்டுமே பிரித்துப் பார்த்தாலன்றித் தரம் தெரியாதவை. எந்திரத்தின் தகட்டிலுள்ள வரிசை எண்ணையும் கையேட்டிலுள்ள பாக எண்ணையும் கொண்டு கேட்டு வாங்க வேண்டும். பழைய பாகத்தைக் காட்டி 'இதுபோல் ஒன்று' என்று கேட்பது போலிக்கு வாசல் திறப்பதாகும். ஜி.எஸ்.டி. விலைச்சீட்டு இன்றி வாங்கினால் உள்ளீட்டு வரிச் சலுகை போய்விடும். கெட்டுப்போனால் கேட்க ஆதாரமும் இராது. அந்தச் செலவை நடைமுறை மூலதனக் கணக்கில் வங்கிக்குக் காட்டவும் இயலாது.

பயன்படுத்திய எந்திரத்தை வாங்குவோர், விலை பேசுமுன் அந்த மாதிரிக்கு இன்னும் பாகங்கள் வருகின்றனவா என்று விசாரிப்பது நலம். குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய எந்திரங்கள் சில, பாகம் கிடைக்காத காரணத்தாலேயே விற்பனைக்கு வந்தவை.

கிளைக்கு வருமுன்

எந்திரத்துக்குத் தவணைக் கடன் கேட்கும்போது, முதல் ஆறு மாதத்துக்கான தேய்பாகத் தொகுப்பையும் அதே விலைப்புள்ளியில் சேர்க்க விற்பனையாளரைக் கேட்கலாம். அதைத் திட்டச் செலவின் பகுதியாகக் கருத இயலுமா என்பதைக் கிளை மேலாளர் ஆராய்ந்து சொல்வார். அதற்குப் பிந்தைய பாகச் செலவுக்கு ரொக்கக் கடன் வரம்பே பொருத்தமானது. தவணைக்கென வைத்த பணத்தில் உளி வாங்கிவிட்டுத் தவணையைத் தள்ளிப்போடும் பழக்கம் விரைவில் கடன் வரலாற்றைக் கெடுக்கும். செலுத்த வேண்டிய தொகை 30 நாட்களைக் கடந்து நிலுவையில் நின்றால் கணக்கு அடுத்த கண்காணிப்பு நிலைக்குச் செல்லும். 90 நாட்களைக் கடந்தால் அது வாராக் கடன் வகையில் சேரும். ஒரு பாகத்துக்காக எந்திரம் நிற்கிறது, அடுத்த தவணை தாமதமாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால், தவணை நாளுக்கு முன்னரே கிளைக்கு வந்து சொல்லுங்கள். நாள் கடந்தபின் செய்ய இயல்வது குறைவு.

காப்பீட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உள்ளது. கடனுடன் எடுக்கும் ஒப்பந்தக்காரர் எந்திரக் காப்பீடு, விபத்து, தீ, திருட்டு, எந்திரம் கவிழ்தல் போன்ற வெளிக் காரணங்களுக்கானது. உட்பழுதும் இயல்பான தேய்மானமும் அதில் பொதுவாக அடங்குவதில்லை. துளைமுனைகள், வெட்டும் விளிம்புகள், வாள்தகடுகள், பட்டைகள், டயர்கள், மின்கலங்கள், நெகிழ்குழாய்கள், வழக்கமாக மாற்றப்படும் சீல்கள் ஆகியவை விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெறுகின்றன. பத்திரத்தின் பின்பக்கங்களில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் அப்பட்டியலை, எந்திரம் பணியிடத்துக்குப் போகுமுன் ஒருமுறை படித்துவிட வேண்டும்.